வெப்பம் போகும் வழி

குளிர் என்று தனியே ஒரு பொருள் உலகில் இல்லை. வெப்பம் நீங்கிய நிலைக்கே மக்கள் அப்பெயரை இட்டு வழங்குகின்றனர். ஆதலின் ஓர் இடத்தைக் குளிரச் செய்தல் என்பது, அங்குள்ள வெப்பத்தை எடுத்து வேறோர் இடத்தில் கொண்டு சேர்த்தல் என்பதேயாம். வெப்பத்தை அழிக்க எவராலும் இயலாது. இடம் மாற்றவே இயலும். எளிய உண்மைதான். ஆயினும், குளிர்பொறிகளோடு வாழ்நாளைக் கழிக்கும் தொழிலாளியின் திறமை முழுவதும் இவ்வோர் உண்மையை மறவாதிருப்பதிலேயே அடங்கியுள்ளது. பொறி குளிர்விக்க மறுக்கும் வேளையில், "வெப்பம் எங்கே தடைப்பட்டு நிற்கிறது?" என்று கேட்பவன் விடையை அடைகிறான். "எதை மாற்றலாம்?" என்று கேட்பவன் பொறியையும் கெடுத்துப் பொழுதையும் கெடுக்கிறான்.

பினாங்கு, வெப்பமும் ஈரமும் ஒருங்கே ஆளும் தீவு. நண்பகல் கழிந்ததும் நிழலிலேயே வெப்பம் 31, 32 பாகை செல்சியஸைத் தொடும். மழை பெய்து ஓய்ந்த இரவிலும் காற்றின் ஈரம் குறைவதில்லை. ஜார்ஜ்டவுன் நகரைக் கட்டிய முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். 2008ஆம் ஆண்டு உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற அந்நகரின் பழைய கடைவீடுகளில் நடுவே வானம் பார்த்த முற்றம் உண்டு. சுவர்கள் தடித்தவை, கூரைகள் உயர்ந்தவை, வீதியோரத்து ஐந்தடி நடைபாதை வெயிலைத் தடுத்து நிழல் தரும். மனிதர் வாழ்வதற்கு அவ்வளவு போதுமானதாயிருந்தது. பின்னர் வந்த இயந்திரங்களுக்கோ அது போதவில்லை.

1960களின் இறுதியில் பினாங்கு தன் சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்து, வேலையின்மையால் வாடியது. அந்நிலையில், முதலமைச்சர் லிம் சோங் இயூவின் ஆட்சியில், 1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் உருவாயிற்று. நெல் விளைந்த வயல்களில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. இண்டெல், ஏ.எம்.டி., ஹிட்டாச்சி, போஷ் முதலிய நிறுவனங்கள் அத்தொடக்க காலத்தில் வந்தவை. ஜார்ஜ்டவுனின் சந்துகளிலிருந்தும், செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்தும் தமிழ் இளைஞரும் அங்கு வேலை தேடிச் சென்றனர். 1985ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, பெருநிலத்திலிருந்து வருவோர்க்குப் பட்டர்வொர்த்தில் படகேறுவதே வழி. பெண்கள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, தலைமயிரினும் மெல்லிய பொன்னிழைகளைச் சில்லுகளில் இணைத்தனர். ஆண்களில் சிலர் கட்டடத்தின் பின்புறம், இரைச்சலும் எண்ணெய் மணமும் நிறைந்த பொறியறைகளுக்குச் சென்றனர். முன்கூடத்து வேலை உலகறிந்தது. பின்னறை வேலையைப் பற்றிப் பேசியோர் சிலரே.

அப்பின்னறையில் நிற்பதே நீரால் குளிரூட்டப்படும் பெரும் பொறி. தொழிலாளர் அதனைச் 'சில்லர்' என்பர். குளிர்நீர்ப் பொறி எனலாம். அது நீரை ஏறத்தாழ 7 பாகைக்குக் குளிர்வித்து ஆலை முழுவதும் அனுப்புகிறது. அந்நீர், காற்றின் வெப்பத்தை ஏற்று 12 பாகை அளவில் திரும்பி வருகிறது. மனிதர் வசதிக்கு 24 பாகைக் காற்றே போதுமெனில், நீரை இவ்வளவு குளிர்விப்பானேன் என்ற ஐயம் மாணவர்க்கு எழலாம். விடை ஈரத்தில் உள்ளது. சில்லுகள் செய்யும் கூடத்தில் காற்றின் ஈரம் கூடினால் உலோகம் கறுக்கும். மிகக் குறைந்தால் நிலைமின்னேற்றம் சில்லைக் கருக்கும். 22 பாகையில் 45 விழுக்காடு ஈரப்பதம் வேண்டுமெனில், அக்காற்றிலுள்ள நீராவி 9.5 பாகை அளவில்தான் பனியாகத் துளிர்க்கும். அதனினும் குளிர்ந்த பரப்பின்மேல் காற்றைச் செலுத்தினாலன்றி மிகுந்துள்ள ஈரத்தை நீக்க இயலாது. எனவே, குளிர்நீர் இரண்டு பாகை சூடேறினால், கூடத்தில் இருப்போர்க்குப் புழுக்கம் தோன்றுமுன்பே ஈரமானி உயரத் தொடங்கிவிடும். 1902ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளினில் வில்லிஸ் கேரியர் தம் முதற் குளிர்சாதன முறையை வகுத்ததும் மனிதர் வசதிக்காக அன்று. ஈரத்தால் விரிந்து சுருங்கிய அச்சுத்தாளை அடக்குவதற்காகவே.

இப்பொறிகளின் ஆற்றலை 'டன்' என்ற அளவால் கூறும் வழக்கிலும் ஒரு வரலாறு உண்டு. குளிரைப் பொறியால் ஆக்கத் தெரியாத காலத்தில் அமெரிக்க வணிகர் பிரடெரிக் டூடர், மாசசூசெட்சின் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி விற்றார். 1833ஆம் ஆண்டு 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்ட கப்பல், நான்கு மாதங்கள் கடலில் கழித்து ஏறத்தாழ 100 டன்னோடு கல்கத்தா சேர்ந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையிலும் ஒரு பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. பின்னாளில் விவேகானந்தர் தங்கியதால் அவர் பெயரைப் பெற்ற அக்கட்டடத்தைச் சுற்றிய பகுதியை மக்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே அழைக்கின்றனர். 2,000 இறாத்தல் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உட்கொள்ளுமோ, அவ்வளவே ஒரு டன் குளிராற்றல். இன்றைய அளவில் அது 3.5 கிலோவாட். 500 டன் பொறி ஒரு நாளில் முழுமூச்சாய் அகற்றும் வெப்பத்தை, டூடரின் அக்கப்பல் கரைசேர்த்ததைப்போல் ஐந்து கப்பல் பனிக்கட்டி உருகித்தான் அகற்ற முடியும்.

இத்துணை வெப்பமும் எவ்வழியே வெளியேறுகிறது என்பதை அறிந்தாலன்றி, தடை எங்கே என்று காண இயலாது. அவ்வழி நான்கு கைமாற்றங்களால் ஆனது. கூடத்துக் காற்றின் வெப்பத்தைக் குளிர்நீர் ஏற்கிறது. குளிர்நீரின் வெப்பத்தைப் பொறிக்குள் ஆவியாக்கியில் கொதிக்கும் குளிர்வாயு ஏற்கிறது. அமுக்கி அவ்வாயுவை அழுத்திச் சூடேற்றி, கண்டென்சர் என்னும் கலத்துக்குத் தள்ளுகிறது. அங்கே வாயு தன் வெப்பத்தை வேறொரு நீரோட்டத்துக்குக் கொடுத்துத் திரவமாகிறது. வால்வு ஒன்றின் வழியே அழுத்தம் தணிந்து ஆவியாக்கிக்கு மீள்கிறது. இறுதியாக, அந்நீர் கூரைமேல் உள்ள குளிர்கோபுரத்தில் விழுந்து, வெப்பத்தை வானத்திடம் ஒப்படைக்கிறது. ஆற்றைக் கடக்கப் படகு மாறிச் செல்லும் பயணியைப்போல் வெப்பம் கைமாறிக் கைமாறிச் செல்கிறது. ஒவ்வொரு துறையிலும் அதற்கு ஒரு சுங்கம் உண்டு. கொடுக்கும் பொருள், வாங்கும் பொருளைவிடச் சில பாகை சூடாக இருந்தே தீரவேண்டும். அச்சில பாகையே சுங்கம். எந்தத் துறையில் சுங்கம் வழக்கத்துக்கு மேல் ஏறியுள்ளதோ, அந்தத் துறையில்தான் கோளாறு.

கடைசித் துறையிலிருந்தே பார்க்கலாம். குளிர்கோபுரம் என்பது பெரியதொரு மண்பானையே. பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது எஞ்சிய நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மதுரையின் வறண்ட கோடையில் பானைநீர் பல்லைக் கூசவைக்கும். அதே பானையைப் பினாங்கில் வைத்தால் பெயருக்கே குளிரும். ஈரம் நிறைந்த காற்று மேலும் ஈரத்தை ஏற்க விரும்புவதில்லை. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் சுழற்றினால் கிடைக்கும் அளவே ஈரக்குமிழ் வெப்பநிலை. எந்தக் குளிர்கோபுரமும் நீரை அதற்குக் கீழே குளிர்விக்க இயலாது. பினாங்கில் அது 26 பாகை எனில், கோபுரத்திலிருந்து 29 அல்லது 30 பாகை நீர் வருவது இயல்பு. 33 பாகையாக வந்தால் வினவ வேண்டும். விசிறியின் பட்டை தளர்ந்து வழுக்குகிறதா? நீர் தெளிக்கும் துளைகள் பாசியால் அடைபட்டனவா? உள்ளடுக்குகளில் சேறு படிந்ததா? வெளியேறிய சூடான காற்றே மீண்டும் உள்ளே இழுக்கப்படுகிறதா? இவற்றை ஆராயாமல், ஈரக்குமிழையும் அளக்காமல், "இன்று வெயில் அதிகம்" என்று சொல்லி அமைவது தொழிலன்று.

அடுத்த துறை கண்டென்சர். 30 பாகையில் நுழையும் நீர் 35 பாகையில் வெளியேறுகிறது எனில், வாயு ஏறத்தாழ 37 பாகையில் திரவமாக வேண்டும். இடைவெளி இரண்டு பாகை. நீர் நுழைந்த வெப்பநிலைக்கும் வெளியேறும் வெப்பநிலைக்கும் வேறுபாடு மிகுந்து, 30இல் நுழைந்து 38இல் வெளியேறுமானால், ஓட்டம் குறைந்துள்ளது என்பது பொருள். வடிகட்டியையும் வால்வையும் நீரேற்றியையும் பார்க்க வேண்டும். ஓட்டம் சரியாக இருந்து, வாயுவுக்கும் வெளியேறும் நீருக்கும் உள்ள இடைவெளி மட்டும் ஐந்து, ஆறு பாகையாக விரிந்திருந்தால், குழாய்களுக்குள் உப்புப் படிந்திருக்கலாம். அல்லது வாயுவோடு காற்று கலந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. அமுக்கியை நிறுத்திவிட்டு நீரை மட்டும் ஓடவிட வேண்டும். வாயுவும் நீரும் ஒரே வெப்பநிலைக்கு வந்தபின், அவ்வெப்பநிலைக்குரிய அழுத்தத்தை அட்டவணையில் கண்டு, மானி காட்டும் அழுத்தத்தோடு ஒப்பிட வேண்டும். மானி மிகுதியாகக் காட்டினால் உள்ளே அயலான் ஒருவன் புகுந்துள்ளான், அவன் காற்று. இரண்டும் ஒத்திருந்தால் ஐயம் குழாய்களின்மேல் திரும்பும்.

உப்பு எங்கிருந்து வந்தது? உப்பளம் கண்ட தமிழர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கோபுரத்தில் நீர் ஆவியாகிறது. அதில் கரைந்திருந்த உப்பு ஆவியாவதில்லை. நான்கு லிட்டரில் மூன்று ஆவியானால், எஞ்சிய ஒரு லிட்டர் நான்கின் உப்பையும் சுமக்கிறது. 500 டன் பொறி முழுச்சுமையில் ஓடும் நாளில் ஏறத்தாழ 70,000 லிட்டர் நீர் இவ்வாறு வானேறுகிறது. எனவே உப்பு மிகுந்த நீரை அவ்வப்போது வெளியேற்றிப் புதுநீர் விடுதல் இன்றியமையாதது. நீரைச் சேமிப்பதாக எண்ணி அவ்வெளியேற்றத்தை அடைப்பவர் உண்டு. மூடா ஆற்றையும், 1962இல் எழுந்த ஆயர் ஈத்தாம் அணையையும், 1999இல் முடிந்த தெலுக் பகாங் அணையையும் நம்பி வாழும் மாநிலத்தில் நீரின்மேல் அக்கறை வேண்டியதே. ஆனால் அளவறியாத சிக்கனம் குழாய்க்குள் சுண்ணாம்பாய்ப் படியும். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அப்படிவுக்கு இல்லை. வாயு திரவமாகும் வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் அமுக்கி உண்ணும் மின்சாரம் 2 முதல் 3 விழுக்காடு ஏறும். சேமித்த நீரின் விலையை மின்கட்டணம் வட்டியோடு வாங்கிவிடும்.

இனி, ஆவியாக்கி. இங்கே குளிர்நீர் 7 பாகையில் வெளியேற, வாயு 5 பாகை அளவில் கொதிக்கிறது. வாயு குறைந்துவிட்டால் குழாய்கள் சில நனையாமல் நிற்கும், இடைவெளி விரியும், உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் தாழும், திரவம் செல்லும் குழாயின் கண்ணாடியில் குமிழிகள் தோன்றலாம். வடிகட்டி அடைபட்டாலும் அழுத்தம் தாழும். ஆனால் அப்போது வடிகட்டிக்கு முன்னும் பின்னும் குழாயின் வெப்பநிலை வேறுபடும். எண்ணெய் வாயுவோடு கலந்து குழாய்களின்மேல் படர்ந்தாலும் இடைவெளி விரியும். குறி ஒன்றாகவே தோன்றினும் நோய்கள் பல. தலைவலி என்று வந்தவர்க்கெல்லாம் ஒரே மருந்தைக் கொடுப்பவனை மருத்துவன் எனக் கூற எவரும் துணியார்.

அவ்வொரே மருந்து பொறியறைகளில் உண்டு. அதன் பெயர் 'கேஸ் ஏற்றுதல்'. குளிர் குறைந்ததும் வாயு குறைந்தது என்று முடிவு கட்டி, உருளையைக் கொண்டுவந்து ஏற்றிவிடுவது. வாயு, விளக்கின் எண்ணெயைப்போல் எரிந்து தீரும் பொருளன்று. மூடிய சுற்றுக்குள் அது ஆண்டாண்டாய்ச் சுழல வேண்டியது. குறைந்தது உண்மையெனில் எங்கோ கசிவு உண்டு. கசிவைக் காணாமல் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது. குறையாதபோது ஏற்றினாலோ, மிகுதியான திரவம் கண்டென்சரின் இடத்தை அடைத்து அழுத்தத்தை ஏற்றும். அமுக்கிக்கே தீங்காய் முடியவும் கூடும்.

இத்தவறு அறியாமையால் மட்டும் நேர்வதன்று, அச்சத்தாலும் நேர்வது. எடுத்துக்காட்டாக ஓர் ஆலையின் பொறியறையைக் கருதலாம். ஒரே அளவுடைய பொறிகள் இரண்டு. ஒன்று ஓடுகிறது, மற்றது ஓய்வில் நிற்கிறது. இரவுப் பணியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன இளைஞன் ஒருவன். கட்டுப்பாட்டறையின் மானியில், ஆலைக்குச் செல்லும் குளிர்நீர் 7 பாகைக்கு மாறாக 9 பாகை காட்டியது. திரும்பும் நீர் 12க்கு மாறாக 14. கூடத்தில் ஈரம் ஏறியது. மேலதிகாரியின் தொலைபேசி அழைப்பு இருமுறை வந்தது. "ஏதாவது செய்" என்பதே கட்டளை. ஈரம் எல்லையைக் கடந்தால் உற்பத்தி நிற்கும். நின்றால், இரவுப் பணியில் இருந்தவன் யார் என்று காலையில் கேட்பார்கள். தகுதிகாண் காலம் முடியாதவனுக்கு அக்கேள்வி எத்தகையது என்பதை ஏழைக் குடும்பத்தில் பிறந்தோர் அறிவர். அவன் வாயு உருளையை உருட்டிக்கொண்டு வந்தபோது, அழைப்பின்பேரில் வந்து சேர்ந்தார் மூத்த தொழிலாளி ஒருவர். தோட்டத்திலிருந்து படகேறி வந்த தலைமுறையைச் சேர்ந்தவர்.

"அண்ணே, கேஸ் குறைந்துவிட்டது. ஒரு சிலிண்டர் ஏற்றினால் சரியாகிவிடும்" என்றான் இளைஞன்.

"எதைப் பார்த்துச் சொல்கிறாய், தம்பி?"

"தண்ணீர் 9 பாகையில் போகிறதே, அண்ணே."

"அது நோய். நான் கேட்டது, கேஸ் குறைந்ததற்கு என்ன சாட்சி என்று."

இளைஞனிடம் விடையில்லை. பெரியவர் அவனைக் கடியவில்லை. கண்ணாடி வெப்பமானி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஓடும் பொறியின் வாயிலுக்கு அவனை அழைத்துச் சென்றார். பொறிக்குள் நுழையும் நீர் 14 பாகை. பொறியை விட்டு வெளியேறும் நீர் 7 பாகை. வாயு கொதிக்கும் வெப்பநிலை 5 பாகை. பணிக்குறிப்பேட்டின் சென்ற மாதத்துப் பக்கத்தைப் புரட்டினார். இடைவெளி அன்றும் இரண்டே பாகை. "பொறி சொன்ன வேலையைச் செய்கிறது. தண்ணீரில் 7 பாகை குறைக்கிறது. ஆலைக்கோ 5 பாகைக்கு உரிய குளிர்தான் போய்ச் சேருகிறது. இடையில் யாரோ கலக்கிறார்கள்" என்றார் அவர்.

கணக்கு எளியது. நீரை ஏழு பங்காகக் கொண்டால், ஐந்து பங்கு பொறியின் வழியே சென்று 7 பாகையாக வருகிறது. இரண்டு பங்கு குளிராமலே 14 பாகையாகச் சேருகிறது. ஐயேழு முப்பத்தைந்து, ஈர்பதினான்கு இருபத்தெட்டு, கூட்டினால் அறுபத்து மூன்று. ஏழால் வகுத்தால் 9. கட்டுப்பாட்டறையின் மானி பொய் சொல்லவில்லை, முழுக்கதையையும் சொல்லவில்லை. அவ்விரண்டு பங்கு நீர் குளிராமல் கடந்து வரும் வழி எது?

பெரியவர் ஓய்விலிருந்த பொறியின் அருகே சென்று நின்றார். மூடியிருக்க வேண்டிய வால்வின் கழுத்தில் நீர்த்துளிகள் முத்து முத்தாய் அரும்பியிருந்தன. நின்றுபோன நீராயின் அறையின் வெப்பத்தை அடைந்து, குழாய் உலர்ந்திருக்க வேண்டும். வியர்த்த குழாயோ உள்ளே குளிர்ந்த நீர் ஓடுவதை உணர்த்தியது. வால்வின் முள் 'மூடியது' என்றே காட்டிற்று. ஆயினும் தண்டையும் கையையும் இணைக்கும் ஆப்பு நழுவியிருந்தது. கை திரும்பினாலும் உள்ளிருந்த தட்டு முழுவதும் திரும்பவில்லை. திறந்த இடுக்கின் வழியே, ஆலையிலிருந்து திரும்பிய நீர், உறங்கும் பொறியைக் கடந்து, குளிராமலே மீண்டும் ஆலைக்குச் சென்றுகொண்டிருந்தது. தண்டைக் கையால் திருப்பி அடைத்ததும், கட்டுப்பாட்டறையின் மானி மெல்ல இறங்கி 7 பாகைக்கு வந்தது. வாயு உருளை திறக்கப்படாமலே கிடங்குக்குத் திரும்பியது.

அந்த இளைஞன் உருளையைத் திறந்திருந்தால் அன்றிரவு என்ன ஆகியிருக்கும்? நலமாயிருந்த ஒரே பொறியும் நோயுற்றிருக்கும். உண்மைக் காரணமோ மூடிய முள்ளின் பின்னே மறைந்தே இருந்திருக்கும். கேடு ஆலையின் எல்லையோடு நிற்பதுமன்று. பழைய பொறிகளில் பயன்பட்ட ஆர் 11, ஆர் 12 ஆகிய குளிர்வாயுக்கள் வானத்தின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்னும் அறிஞர் இருவர் 1974ஆம் ஆண்டு எடுத்துரைத்தனர். 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்பாடு அவற்றை ஒழிக்க வழி வகுத்தது. அவற்றின் இடத்தில் வந்த ஆர் 134ஏ ஓசோனை அரிப்பதில்லை. எனினும் பூமியைச் சூடாக்குவதில், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. அதனைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் நாடுகள் இசைந்தன. கூரைமேல் நிற்கும் கோபுரத்திலும் இவ்வாறே ஒரு பொறுப்பு உண்டு. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாவில், விடுதியொன்றில் கூடிய முன்னாள் படைவீரர் பலர் புதியதொரு நுரையீரல் நோயால் மாண்டனர். அவர்கள் பெயராலேயே லெஜியோனெல்லா எனப்பட்ட அந்நுண்ணுயிர், பேணப்படாத குளிர்கோபுரத்தின் வெதுவெதுப்பான நீரில் செழித்து, தெறிக்கும் நுண்துளிகளோடு பரவக்கூடியது. பொறியறையில் ஒருவன் கவனக்குறைவாய்ச் செய்வது, அவன் காணாத மனிதரின் மூச்சிலும் போய்ச் சேரும்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனுக்கு ஒரு வரிசை வகுக்கிறது. நோய் இன்னதென அறிதல் முதலாவது. அதன் மூலத்தைத் தேடுதல் இரண்டாவது. தணிக்கும் வழியை ஆராய்தல் மூன்றாவது. பொருந்துமாறு செய்தல் இறுதியானது. செயல் கடைசியில் வருவதே அதன் சிறப்பு. அஞ்சிய மனமோ அவ்வரிசையைத் தலைகீழாக்கி, செயலை முதலில் வைக்கிறது. 'ஏதாவது செய்' என்ற குரலின்முன், 'முதலில் பார்' என்று நிற்பதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவு வெறும் நெஞ்சுரத்தால் வருவதன்று. அளந்து வைத்த எண்களால் வருவது.

இங்கே தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு செய்தி உண்டு. பொறியின் கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கும். ஆலையின் அறிவிப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அவற்றைக் கற்றே ஆகவேண்டும். ஆனால் அவ்விரவில் கோளாறைப் பிடித்துக் கொடுத்தது தொடக்கப்பள்ளியில் கற்கும் பெருக்கலும் வகுத்தலும், குளிர்ந்த பாத்திரத்தின் புறத்தே நீர் துளிர்ப்பது ஏன் என்ற அறிவியல் பாடமும்தான். தமிழ்ப்பள்ளி மாணவன் இரண்டையும் தமிழிலேயே கற்கிறான். கற்றது தேர்வுத்தாளோடு முடிந்துவிடுகிறதா, வியர்த்த குழாயின்முன் நிற்கும்போது நினைவில் எழுகிறதா என்பதே கேள்வி. கண்டதை முதலில் சொல்லி, கருதியதைப் பிறகு சொல்லும் பழக்கத்தை வகுப்பறையில் ஊட்டிவிட்டால், அப்பழக்கம் எம்மொழிக் கையேட்டின்முன்னும் அவனுக்குத் துணைநிற்கும்.

மூத்த தொழிலாளர் பலர் ஓய்வு பெற்றுச் செல்கின்றனர். கைகளில் அவர்கள் சேர்த்த அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறாமலே அவர்களோடு போய்விடுகிறது. அப்பொறியறைப் பெரியவர், வேலை முடிந்ததும் கருவிகளை எடுத்து வைக்குமுன் இளைஞனிடம் பணிக்குறிப்பேட்டைக் கொடுத்தார். 'வால்வு பழுது நீக்கப்பட்டது' என்று அவன் ஒரே வரியில் எழுதினான். பெரியவர் அதனை ஏற்கவில்லை. நுழைந்த நீர், வெளியேறிய நீர், ஆலைக்குச் சென்ற நீர், வாயு கொதித்த வெப்பநிலை என எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதச் செய்தார். பழுது நீங்கியபின் எடுத்த அளவுகளையும் அதன்கீழ் எழுதச் செய்தார். "நோயுற்ற நாளில் எல்லாரும் அளப்பார்கள், தம்பி. நலமாயிருக்கும் நாளிலும் அளந்து எழுதி வை. அதுதான் நாளை உன்னைக் காப்பாற்றும்."

அறிவுரை சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் இடைவெளி இரண்டு பாகை என்று சென்ற மாதம் எவனோ ஒருவன் சோம்பாமல் எழுதி வைத்த அந்த ஓர் எண்தான், அன்றிரவு நலமாயிருந்த பொறிக்குச் சாட்சி சொன்னது. எழுதியவன் பெயர் ஏட்டில் இல்லை.